கல் அடைத்த வருடம்

எங்கள் வீட்டு வாசலுக்கு ஐந்து படிகள். அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் இரண்டுக்கு மேல் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் படிகளைப் பார்த்துவிட்டு உள்ளே ஏதோ சன்னிதி இருக்கிறது என்று நினைத்துச் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிடுவதாக அப்பா கிண்டல் செய்வார். ஐந்து படி வேண்டும் என்று கேட்டது அம்மா. வீடு கட்டியபோது அவள் கேட்டது அது ஒன்றைத்தான். சமையல் மேடை எந்தப் பக்கம், சாமி அலமாரி எங்கே, எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. மேஸ்திரியிடம் போய், தரையை உயர்த்திக்கொள்ளுங்கள், ஐந்து படி ஏறி உள்ளே வருகிற மாதிரி இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். அப்பா செலவைச் சொல்லிப் பார்த்தார். வயதானால் முட்டி வலிக்கும் என்றும் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை.

நான் இப்போது சென்னையில் ஒரு மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். என் வாசலுக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் ஊரில் பாதி முழுகியாக வேண்டும். ஆனாலும் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எழுதிக்கொண்டிருப்பதை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய், வாசல் படியைப் பார்த்துவிட்டு வருவேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் போவேன். வாட்ச்மேன், "இன்னா மேடம், எதுனா தொலச்சிட்டீங்களா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா என்று தெரியாமல் சிரித்துவிட்டு மேலே வந்துவிடுவேன்.

எங்கள் நகர் ஏரிக்கு உள்ளே இருக்கிறது என்று சொன்னால் அப்பாவுக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஏரியை ஒட்டி என்றுதான் சொல்ல வேண்டும். பத்திரம் சுத்தம், பட்டா சுத்தம். ஏரியில் தண்ணீர் வற்றுகிற மாதங்களில் வேர்க்கடலையோ கேழ்வரகோ போட்டுக்கொண்டிருந்த உள்வாய் நிலம் அது. அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மஞ்சள் கல் நட்டு, தெருக்களுக்குப் பூக்களின் பெயர் வைத்து விற்றார்கள். நகரின் பெயரிலேயே ஏரி இருந்ததால், விற்றவர்கள் எதையும் மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்பா மனை வாங்கிய வருடம் ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் அப்பாவுக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. கம்பெனி பஸ் எங்கள் நகரின் வளைவு வரைக்கும் வரும். அவருக்கு அந்த இடம் பிடித்துப்போக அதுவே போதுமானதாக இருந்தது.

மனை பார்க்க வந்த அன்று அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூரத்தில் ஏரிக்கரை மேல் வரிசையாக நின்ற பனைமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இடம் எப்படி என்று அப்பா கேட்டதற்கு, காற்று நன்றாக வருகிறது என்றாளாம். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தப் பனைமரங்களுக்குப் பின்னால்தான் அம்மா பிறந்த ஊர். கரை மேல் நடந்தால் அரை மணி நேரம். அங்கே அம்மாவின் தம்பி, என் மாமா, ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று தோன்றிவிடும். பழைய மொபெட் இன்ஜினைக் கழற்றி நெல் தூற்றும் விசிறியில் பூட்டினார். அது நெல்லையும் சேர்த்துப் பக்கத்து வயலுக்கு அனுப்பிவைத்தது. ஊரே சிரித்தது, மாமாவும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த வேலையில் இறங்கிவிட்டார். எனக்கு அவரைவிடப் பெரிய ஆள் உலகத்தில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கரை மேல் ஓடிவிடுவேன்.

அந்த ஏரிக்கு ஒரு கலங்கல் உண்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போவதற்காகக் கரையில் தாழ்வாகக் கட்டிய கல் தளம் அது. அதன் தலையில், ஒரு முழ இடைவெளி விட்டு வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். நடுநடுவே பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். சும்மா இருக்கிற காலத்தில் அவை ஆடு மேய்ப்பவர்கள் உட்காரத்தான் என்று நான் நினைத்திருந்தேன். மாமாதான் விளக்கினார். கார்த்திகை தீபம் கழிந்து, பெருமழைக்குப் பயம் இல்லை என்று ஆனதும், ஊர் கூடிப் போய் அந்தக் கற்களுக்கு நடுவே வரப்பிலிருந்து வேரோடு பெயர்த்த புல்கட்டியையும் களிமண்ணையும் வைத்து அடைப்பார்கள். அப்போது ஏரியில் இன்னும் ஓர் அடி, ஒன்றரை அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். நவரைப் பட்டத்தில் இன்னொரு நெல் எடுக்க அந்தத் தண்ணீர்தான் ஆதாரம்.

ஏன் கல் வைத்துக் கட்டாமல் புல் வைத்து அடைக்கிறார்கள், ஏன் தீபம் கழிகிறவரைக்கும் காத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். அப்படித்தான் வழக்கம் என்றார். கேட்டது நான்தான் என்றாலும், அந்தக் கேள்வி மாமாவின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குப் பத்து வயதான வருடம், இரண்டு வருட வறட்சிக்குப் பிறகு, ஐப்பசியிலேயே ஏரி நிரம்பியது. எனக்கு விவரம் தெரிந்து அதை அப்படி முழுசாக நிரம்பிப் பார்த்ததில்லை. எங்கள் தெருக் கோடியில் காலியாக இருந்த மனைகள் வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. நகரில் எல்லோருக்கும் கொண்டாட்டம். மாலையில் குடும்பம் குடும்பமாக வந்து நின்று காற்று வாங்கினார்கள். ஏரி பார்த்த வீடு என்று விற்றவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்றார்கள். அம்மா மட்டும் வந்து பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மாமாவும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் கலங்கலில் நின்றிருந்தார்கள். கற்களுக்கு நடுவே தண்ணீர் நுரைத்துக்கொண்டு வெளியேறி, கால்வாயில் விழுந்து ஓடியது. அடுத்த ஏரி, அதற்கடுத்த ஏரி, கடைசியில் மகாபலிபுரம் பக்கம் உப்பங்கழி, அப்புறம் கடல். மாமா அதைப் பார்க்கப் பொறுக்காமல் நின்றுகொண்டிருந்தார். இரண்டு நவரை போயிருந்தது அவருக்கு. அந்த வருடம் நெல் எடுத்தால்தான் நிலம் கையில் நிற்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்திருந்தது.

கரை ஓரத்தில் வெள்ளை மூட்டைகள் குவிந்து கிடந்தன. எனக்கு அவற்றை நன்றாகத் தெரியும். பிளாஸ்டிக் குருணை வருகிற கம்பெனிச் சாக்குகள். நெல் பிடிக்க ஆகும் என்று அப்பாதான் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து மாமாவுக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே அதன் பெருமையையும் சொல்லித்தான் கொடுத்தார்.

"எப்பவும் புல்லுதானே மாமா வெப்பாங்க?" என்று கேட்டேன்.

"புல்லு இன்னா கண்ணு புல்லு. பெரிய தண்ணி வந்தா பிச்சிக்கினு பூடுது. மறுபடியும் ஊரக் கூட்டு, மறுபடியும் வெட்டு. இது உங்கப்பன் கம்பெனி சாக்கு. ஆனை இழுத்தாலும் கிழியாது."

நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் மணலை அள்ளிக் கொட்டினார்கள். நிரம்பியதும் நைலான் கயிற்றால் கட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சாரணர் வகுப்பில் ஒரு முடிச்சு சொல்லிக்கொடுத்திருந்தார்கள், இழுக்க இழுக்க இறுகும். அதை நான் மாமாவுக்குக் காட்டினேன். மாமா அசந்துபோய், எல்லா மூட்டைக்கும் நீயே போடு என்று என்னிடம் விட்டுவிட்டார். அன்று நான் நாற்பதுக்கும் மேல் முடிச்சுப் போட்டிருப்பேன். விரல் எரிந்தது. ஆனாலும் ஒரு மூட்டையைக்கூட மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

மதியத்துக்குள் எல்லாக் கல்லுக்கும் நடுவே இரண்டு அடுக்கு மூட்டை உட்கார்ந்துவிட்டது. கால்வாயில் சத்தம் குறைந்து, நின்றே போனது. ஊர்க்காரர்கள் சிலர் கரை மேல் போனார்கள், வந்தார்கள். தீபத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் எல்லோருக்கும்தானே வேண்டியிருந்தது. ஏதாவது ஆனால் மாமா செய்தது, ஒன்றும் ஆகாவிட்டால் ஊர் செய்தது என்று ஆகிவிடும்.

மாமா என்னை மொபெட்டில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார். "உங்கம்மா காதுல போடாத கண்ணு. தீபம் கழியாம கல்ல அடச்சேன்னு தெரிஞ்சா என்ன உரிச்சி உப்புத் தடவிடும்," என்றார். சொல்லாமல் இருந்தால் தீபம் கழிந்ததும் மகாபலிபுரம் கூட்டிப்போய்க் கடல் காட்டுவதாகவும், நமக்குப் போக மிச்சம் இருக்கிற தண்ணீர் அங்கே எப்படி விழுகிறது என்று பார்க்கலாம் என்றும் சொன்னார். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். யார் தலையில் என்று நினைவில்லை, அவர் தலையாகத்தான் இருக்க வேண்டும்.

பத்து நாள் ஒன்றுமில்லை. அப்புறம் அந்த மழை வந்தது. கடலில் எங்கேயோ புயல் மையம் கொண்டிருக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். எங்களுக்கு அது வானத்தைக் கொட்டிக் கவிழ்த்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. கம்பெனி பஸ் வரவில்லை. முதல் நாள் காலையில் தெருவில் கணுக்கால் தண்ணீர். மாலையில் எங்கள் முதல் படி நனைந்தது. எதிர் வீடுகளுக்கு அதுவே பாதி வாசல்.

என்னிடம் ஒரு சாக்பீஸ் துண்டு இருந்தது. தண்ணீர் தொட்ட இடத்தில் படியின் பக்கச் சுவரில் ஒரு கோடு போட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்ப் பார்ப்பேன். கோடு தண்ணீருக்குள் போயிருக்கும். புதிதாக இன்னொரு கோடு போடுவேன். இப்படியே போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காலையில் இரண்டாவது படி போனது. கெளுத்திக் குஞ்சு ஒன்று படியோரம் வந்து நின்று என்னைப் பார்த்தது. வேறு நாளாக இருந்தால் சொம்பில் பிடித்திருப்பேன். அன்று அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இது மூட்டைத் தண்ணீர், நான் முடிச்சுப் போட்ட தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அந்த நகரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் வேறு வேறு காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டில் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அவர் சார். சார் ஒரு தாளில் நகரின் வரைபடத்தைப் போட்டு, மழைநீர் வடிகால் எங்கே அடைத்திருக்கும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். ஆண்கள் எல்லோரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு அந்த அம்புக்குறியைத் தேடிப் போனார்கள். அங்கே வடிகாலே இல்லை. பிறகு எல்லா அலுவலகங்களுக்கும் போன் செய்தார்கள். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைச் சொன்னது. அது விடுமுறை என்றது.

அம்மா யாரோடும் சேரவில்லை. முதல் நாளே, அப்பா சிரிக்கச் சிரிக்க, அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றினாள். பத்திரங்களை எண்ணெய்த் தாளில் சுற்றி மேலே வைத்தாள். வேலை இல்லாத நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். தெருவைப் பார்க்கவில்லை. என்னைப் போலவே படியைப் பார்ப்பாள். அப்புறம் பனைமரம் இருக்கிற திசையைப் பார்ப்பாள். மழையில் மரம் தெரியவே தெரியாது. மூன்றாவது படி நனைந்தபோது உள்ளே போய் மாமாவுக்குப் போன் போட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"தம்பி, அங்க எல்லாம் நல்லாகீதா?" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "ஏரி எப்டி கீது?" மறுபடியும் கேட்டாள். "கலங்கல் ஓடுதா?" ஜன்னல் வழியாகப் படியை எட்டிப் பார்த்தாள். கடைசியில், "சரி, பாத்துக்கோ," என்று வைத்துவிட்டாள். அன்றே இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டாள். இரண்டு தரமும் அதே கேள்வி, அதே "பாத்துக்கோ".

மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நானும் மாமாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் நான்காவது படியின் விளிம்பைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான் உள்ளே நனையாமல் இருந்தது. அதனால் மூன்று குடும்பம் எங்கள் கூடத்தில் இருந்தது. சாரும் அவர் மனைவியும், பக்கத்து வீட்டு ஐ.டி. கம்பெனித் தம்பதியும் அவர்களுடைய நாற்பது நாள் குழந்தையும், மூலை வீட்டுக்காரர்களும். மின்சாரம் இல்லை. குழந்தை ஓயாமல் அழுதது. இன்னும் ஒரு படி ஏறினால் எல்லோரும் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும், கொட்டுகிற மழையில், அந்தக் குழந்தையோடு. படியைப் பற்றி இத்தனை வருடம் கிண்டல் செய்த அப்பா அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்து வருட உழைப்பு அந்த வீடு. திடீரென்று எழுந்து கத்த ஆரம்பித்தார்.

"எவனோ ஒரு மடையன் எங்கியோ அடச்சி வெச்சிகினு கீறான். இல்லன்னா தண்ணி எறங்காம எப்டி நிக்கும்? அவன் மட்டும் எங்கைல கெடச்சான்..."

அழுகை முதலில் வந்ததா சொல் முதலில் வந்ததா தெரியவில்லை. "மாமாதாம்ப்பா. கல்லு நடுவுல மூட்டை வெச்சிருக்காரு. உங்க கம்பெனி சாக்கு. நான்தான் முடிச்சு போட்டேன்," என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

குழந்தைகூட அந்த நேரம் பார்த்து அழுகையை நிறுத்தியது. அம்மா அப்போது பால்பவுடர் கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அதிர்ச்சியாகவும் தெரியவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். சார் மெதுவாக, "இது கேஸ் ஆகும். போலீசுக்குச் சொல்லியாகணும்," என்றார். மூலை வீட்டுக்காரர், போலீஸ் எதற்கு, நாமே போவோம் என்று மண்வெட்டியை எடுத்தார். ஐ.டி. கம்பெனிக்காரரும் எழுந்தார்.

"யாரும் வர வேணாம்," என்றாள் அம்மா. "நீங்க போனா அடிதடி ஆவும். அது எம் பொறந்த வூடு. நான் போயிட்டு வரேன்."

புடவையை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு படி இறங்கினாள். அப்பா கூட வரப் பார்த்தார், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். நான் பின்னாலேயே இறங்கினேன். போ என்று ஒரு தரம் சொன்னாள். நான் போகவில்லை. தண்ணீர் எனக்கு மார்பு வரைக்கும் வந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பத்து வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு கரை ஏறுகிற வரைக்கும் நடந்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கரை மேல் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஏரி முழுசும் ஒரே சாம்பல் நிறமாக, மூட்டைகளின் விளிம்பு வரை தளும்பி நின்றது. மூட்டைகள் அசையவில்லை. சாக்கைப் பற்றி அப்பா சொன்னது பொய்யில்லை. மாமா கலங்கலின் ஓரச் சுவரை ஒட்டித் தனியாக, கையில் அருவாளோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் எப்படியோ ஆனது. என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"யக்கா," என்றார். அவ்வளவுதான்.

அம்மா என்னைக் கீழே இறக்கிவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டினாள். மாமா அருவாளை அவள் கையில் கொடுக்கவில்லை. பக்கத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு விலகினார். அம்மா எடுத்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ போட்ட முடிச்சு எது?" என்றாள். எல்லாமே நான் போட்டதுதான் என்றேன். அவள் சுவரில் ஒரு காலும் கல்லில் ஒரு காலும் ஊன்றிக்கொண்டு ஓரத்து மூட்டையின் கயிற்றில் அருவாளைக் கொடுத்து இழுத்தாள். என் முடிச்சு லேசில் அவிழவில்லை. கடைசியில் கயிற்றை விட்டுச் சாக்கையே குத்திக் கிழித்தாள். மணல் வயிறு சரிந்த மாதிரி வெளியே வந்தது.

"பொறந்த வூட்டுத் தண்ணிய வெட்டுறியே, நீ நல்லா இருப்பியா?" என்று ஒருவர் கத்தினார். உறவில் அவர் அம்மாவுக்குப் பெரியப்பா முறை. கும்பல் முன்னால் நகர்ந்தது. மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி, அவர்களைப் பார்த்தபடி, இரண்டு கையையும் விரித்து நின்றார். ஒருத்தரையும் அவர் தொடவில்லை. அவரைத் தாண்டியும் ஒருத்தர் வரவில்லை. அம்மா நான்கு மூட்டை கிழித்தாள். ஐந்தாவதைத் தண்ணீரே உருட்டிவிட்டது. அப்புறம் கால்வாயில் அந்தச் சத்தம் வந்தது. பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை.

மாலைக்குள் எங்கள் மூன்றாவது படி வெளியே வந்தது. மறுநாள் மதியம் தெரு தெரிந்தது. சார் தன் வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அம்மாவுக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். மழை அதோடு விட்டுவிட்டது. தீபம் கழிந்து, பொங்கல் கழிந்து, ஒரு தூறல் இல்லை. ஊர் கூடிப் புல் வெட்டி அடைத்தபோது அடைத்து நிறுத்தத் தண்ணீர் இல்லை. அந்த வருடமும் மாமா நவரை நடவில்லை. பொங்கலுக்கு அம்மா வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. என்னால்தான் வரவில்லை, நான் காட்டிக்கொடுத்ததால்தான் வரவில்லை என்று கரும்பைக் கடித்துக்கொண்டே அழுதேன்.

இரண்டு வருடத்தில் மாமாவும் மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் ஏற ஆரம்பித்தார். நிலத்தை விற்றுவிட்டார். வீட்டு விசேஷங்களுக்கு வருவார். அப்பாவோடு பேசுவார், என் தலையைக் கலைத்துவிடுவார். அம்மாவும் அவரும் பேசிக்கொள்வார்கள், எப்ப வந்த, சாப்டியா என்கிற அளவுக்கு. கடல் காட்டுகிறேன் என்று சொன்னதை அவர் மறந்திருக்கலாம். பின்னாளில் பள்ளிக்கூடத்துப் பயணத்தில் மகாபலிபுரம் போனபோது எல்லோரும் கோயிலைப் பார்த்தார்கள், நான் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். என் பெருமையைச் சொல்ல அப்பாவிடம் இருப்பது அந்த ஒரு கதைதான். பத்து வயதிலேயே இவள் உண்மையைச் சொல்லித்தான் இந்த வீடு நின்றது, இவள் வாய் திறக்காவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று முழு மூச்சில் சொன்னார். வந்தவர்கள் வாசல் படியை எட்டிப் பார்த்து ஐந்தா என்று எண்ணினார்கள். அவர்கள் போன பிறகு பின்கட்டில் அம்மா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்து வைத்தேன். அவளாகத்தான் பேச்சை எடுத்தாள்.

"சின்னப் பொண்ணா இங்க வேர்க்கடல பொறுக்க வருவோம். ஏரி எது வரைக்கும் வரும்னு எனக்குத் தெரியாதா? கலங்கல் எம்மாந்தண்ணி ஓடுனாலும் ரெண்டாவது படியத் தாண்டாது. மூணாவது நனஞ்சா கல்ல அடச்சிட்டாங்கன்னு அர்த்தம். புல்லா இருந்தா அந்த மழைக்கு அதுவே பிச்சிக்கினு போயிருக்கும். அதுக்குத்தானே புல்லு. நாலாவதும் நனையப் போவுதுன்னா அது புல்லு இல்ல. ஊருல அந்த மாதிரி எதுனா புதுசா செய்யறவன் ஒருத்தன்தான்."

நான் துடைத்த டம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தேன். "அப்ப ஏம்மா நீ சொல்லல?"

"அவனே அவுத்துடுவான்னு பாத்தேன்," என்றாள். "அவன் அவுத்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. நான் கேட்டதாவும் ஆயிருக்காது, அவன் செஞ்சதாவும் ஆயிருக்காது. நீ எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட. உங்கப்பா என்னப் பாத்தாரு. அப்பறம் நான் இன்னா பண்றது?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. மீதி டம்ளர்களைக் கழுவினாள். இருவரும் அந்த மூன்று நாளும் ஒரே வாசலில் நின்று, ஒரே படியைப் பார்த்துக்கொண்டு, ஒரே ரகசியத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் போனில் மூன்று தரம் "பாத்துக்கோ" என்று சொன்னது எனக்குக் கேட்டது, அந்தச் சொல்லால் மாமாவை என்ன செய்யச் சொன்னாள் என்பது மட்டும் கேட்கவில்லை.

நாங்கள் கரை ஏறிப் போனபோது மாமா கையில் அருவாள் இருந்தது. அறுப்பு இல்லாத மாதம், கொட்டுகிற மழை, கலங்கலின் ஓரம், அந்த ஓரத்து மூட்டைக்கு நேராக. மாமா அன்றைக்கு அருவாளை எதற்காக எடுத்துக்கொண்டு வந்தார் என்று அம்மா அவரை இதுவரைக்கும் கேட்டதில்லை. கேட்டுவிடாதே என்று டம்ளர் கழுவிய அன்று என்னிடமும் சொன்னாள்.